காணாததின் கணக்கு

நுழையும்முன்

கணக்கில் குறை தோன்றும்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணக்கு விதியையே ஐயுறுதல். மற்றொன்று, எண்ணத் தவறிய பொருள் எதுவெனத் தேடுதல். அணுவினும் சிறிய துகள்களை ஆராயும் அறிவியல் இவ்விரு வழிகளுக்கும் இடையில் நின்று வளர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத துகள் ஒன்றை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும், அந்த ஆராய்ச்சி நெறி பள்ளி மாணவருக்கு ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கரிசல் காட்டும் பாடம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழை பெய்ததும் நீர் அவ்வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். ஓடையில் நீர் ஓடாது. கண்மாய்க்கும் நீர் வந்து சேராது. அவ்வழியே செல்லும் அயலூரார் மழை வீணாயிற்று என்று எண்ணக்கூடும். கரிசல் உழவர் அவ்வாறு எண்ணுவதில்லை. பெய்த மழையின் அளவை அவர் அறிவார். ஓடையில் ஓடியது எவ்வளவு என்பதையும் அறிவார். இரண்டுக்கும் இடையிலுள்ள நீர் எங்கும் தொலைந்துவிடவில்லை, மண்ணுக்குள்தான் இருக்கிறது என்பது அவர் துணிபு. அதனால்தான் மண்ணைக் கையிலெடுத்துப் பதம் பார்க்கிறார். பதம் கண்டபின் விதைக்கிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னரும் பருத்தியும் சோளமும் உளுந்தும் அந்த மறைந்த ஈரத்தைக் குடித்தே விளைகின்றன. மானாவாரி வேளாண்மை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பங்கின்மீது வைத்த நம்பிக்கையால் நடைபெறுவதே ஆகும்.

இந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கை அன்று. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு; எனவே எஞ்சியது இவ்வளவு. வந்ததையும் போனதையும் சரியாக அறியாதவர் எஞ்சியதைப் பற்றிப் பேச இயலாது. இதே கணக்குதான் உலகின் மிகப்பெரிய ஆய்வுக்கருவிகளிலும் நடைபெறுகிறது. அங்கே மழைக்கு மாற்றாக எண்ணப்படுவது உந்தம்.

உந்தம் என்னும் முதல்

ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது உந்தம். அதற்கு அளவு மட்டுமன்றித் திசையும் உண்டு. புறவிசை செயல்படாத வரையில், ஓர் அமைப்பின் மொத்த உந்தம் மாறுவதில்லை என்பது உந்த அழிவின்மை விதி. கிழக்கே சென்ற பொருளின் உந்தமும் மேற்கே சென்ற பொருளின் உந்தமும் சமமாயின் ஒன்றையொன்று ஈடுசெய்து கூடுதல் சுழியாகும். அமைதியாக இருந்த பொருள் இரண்டாக உடைந்தால் இரு துண்டுகளும் நேரெதிர்த் திசைகளில் சம உந்தத்துடன் செல்லும். அவை வேறு எவ்வாறும் செல்ல இயலாது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் உருவாகும் வாணவெடி இவ்விதியை வானில் எழுதிக் காட்டுகிறது. மேலே சென்ற குண்டு உச்சியில் ஏறத்தாழ அசைவற்று நிற்கும் நொடியில் வெடித்தால், பொறிகள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி ஒளிப்பந்தாக விரிகின்றன. ஒருநாள் அப்பந்தின் ஒரு பாதி மட்டும் ஒளிர்ந்து மறுபாதி இருண்டிருந்தால், பார்ப்பவர் என்ன முடிவுக்கு வரவேண்டும்? பொறிகள் ஒரு பக்கம் மட்டுமே பறந்தன என்று கொள்வது விதிக்கு முரண். இருண்ட பக்கத்திலும் துண்டுகள் பறந்தன, அவை தீப்பற்றவில்லை என்று கொள்வதே பொருந்தும். ஒளிர்ந்த பொறிகளின் திசையையும் விரைவையும் நிறையையும் அளந்தால், ஒளிராதவை கொண்டுசென்ற மொத்த உந்தத்தைக் கணித்துவிடலாம். காணாததின் கணக்கு இதுவே.

ஓர் அறிஞரின் நேர்மை

சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை உமிழ்ந்து வேறு அணுக்கருவாக மாறுகின்றன. இது பீட்டாச் சிதைவு எனப்படும். அணுக்கரு, எலக்ட்ரான் என்னும் இரண்டு மட்டுமே சிதைவில் தோன்றுமாயின், உந்த விதியின்படி அவை நேரெதிராகச் செல்லவேண்டும். எலக்ட்ரானின் ஆற்றலும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஆனால், 1914ஆம் ஆண்டு ஜேம்ஸ் சாட்விக் நிகழ்த்திய ஆய்வில் எலக்ட்ரான்கள் பலவேறு ஆற்றல்களுடன் வெளிப்பட்டன.

எலக்ட்ரான்கள் முதலில் ஒரே ஆற்றலுடன் புறப்பட்டு, வெளியேறும் வழியில் ஆற்றலை இழக்கின்றன என்று கருதியவர் லீஸ் மைட்னர். இக்கருத்தைச் சோதிக்க எல்லிஸ், உஸ்டர் ஆகிய இருவரும் 1927இல் ஓர் ஆய்வு செய்தனர். சிதைவில் வெளிப்படும் வெப்பம் முழுவதையும் ஒரு கலனுக்குள் அடக்கி அளந்தனர். வழியில் இழந்த ஆற்றலும் வெப்பமாகக் கலனுக்குள்ளேயே சிக்கவேண்டும் அல்லவா? ஆனால், கிடைத்த வெப்பம் எதிர்பார்த்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருந்தது. மைட்னர் அம்முடிவை அப்படியே ஏற்கவும் இல்லை, புறக்கணிக்கவும் இல்லை. ஆர்த்மன் என்பவருடன் சேர்ந்து அதே அளவீட்டை மேலும் துல்லியமாகத் தாமே செய்தார். விடை அவருடைய கருத்துக்கு எதிராகவே வந்தது. அதனை அவர் 1930இல் வெளியிட்டார்.

குறை உண்மையானது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. இனி விளக்கம் வேண்டும். ஆற்றல் அழிவின்மை விதி ஒவ்வொரு சிதைவிலும் பொருந்தவேண்டுவதில்லை, சராசரியில் பொருந்தினால் போதும் என்று கருதலாமா என நீல்ஸ் போர் எண்ணினார். உல்ஃப்காங் பவுலி வேறு வழியை நாடினார். 1930 திசம்பர் 4 அன்று டூபிங்கன் நகரில் கூடவிருந்த அறிஞர்களுக்கு எழுதிய மடலில், மின்னூட்டமற்ற, புலப்படாத ஒரு மூன்றாம் துகள் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு செல்லக்கூடும் என்றார். என்ரிகோ ஃபெர்மியின் கோட்பாட்டில் அத்துகள் நியூட்ரினோ என்னும் பெயர் பெற்றது. 1956இல் அமெரிக்க அணு உலை ஒன்றின் அருகே ரெய்ன்ஸ், கோவன் ஆகியோர் அத்துகளை நேரடியாகக் கண்டறிந்தனர். அதே காலத்தில் ஹங்கேரி நாட்டில் எடுக்கப்பட்ட முகிலறைப் படமொன்றில், சிதைந்த ஹீலியம் அணுக்கருவும் எலக்ட்ரானும் நேரெதிராகச் செல்லாமல் கோணமிட்டுச் சென்றன. காணாத மூன்றாம் துகள் எத்திசையில் சென்றது என்பதை அந்தக் கோணமே சொன்னது.

பவுலியின் துணிவு பெரிது. ஆயினும், அந்தத் துணிவுக்கு அடித்தளம் இட்டது மைட்னரின் நேர்மை. தாம் விரும்பிய விடை வருமாறு அளவீட்டை அவர் ஒதுக்கியிருந்தால், பவுலி விளக்குவதற்கு ஒரு குறையே இருந்திராது.

தெரிந்து தெளிவோம்
1965ஆம் ஆண்டு கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் அடையாளம் பதிவு செய்யப்பட்டது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இவ்வாய்வில் பங்கேற்றன.

மோதுவியில் எழுதும் கணக்கு

சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் அமைந்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்துக்குள் புரோட்டான்கள் எதிரெதிராக ஓடி மோதுகின்றன. மோதலில் தோன்றும் கனமான துகள்கள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சிதைந்துவிடுகின்றன. அவற்றை எவரும் நேரில் காண்பதில்லை. சிதைவில் பிறந்த துகள்களே மோதுமிடத்தைச் சூழ்ந்திருக்கும் உணர்விகளில் தடம் பதிக்கின்றன. மின்னூட்டமுள்ள துகளின் பாதை காந்தப்புலத்தில் வளைகிறது. உந்தம் மிகுந்தால் வளைவு குறையும். உந்தம் குறைந்தால் வளைவு மிகும். அவ்வளைவே உந்தத்தை அளக்கும் கோல். பிள்ளைகளின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டிப் பெற்றோரின் நிறையை அறிகின்றனர். 2012 சூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளும் இவ்வாறே அறியப்பட்டது. இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்த நிகழ்வுகள், அக்கண்டுபிடிப்புக்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக அமைந்தன.

இக்கணக்கில் அறிஞர்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு உண்டு. மோதுவது புரோட்டான் எனினும், உண்மையில் முட்டிக்கொள்பவை அதனுள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும் ஆகும். புரோட்டானின் உந்தத்தில் அவை ஒவ்வொன்றும் பெற்ற பங்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு மோதலிலும் மாறும். எனவே, கற்றை செல்லும் திசையில் தொடக்க உந்தம் தெரியாது. ஆனால், கற்றைக்குக் குறுக்கான திசையில் தொடக்க உந்தம் ஏறத்தாழச் சுழி. ஆகையால் குறுக்குத் திசையில் மட்டுமே குறையைக் கணிக்கின்றனர். தொடக்கம் தெரியாத இடத்தில் குறை உண்டு என்று சொல்வதில்லை. இந்த அடக்கம் கருதத்தக்கது.

1983இல் இதே செர்ன் ஆய்வுக்கூடத்தின் முந்தைய மோதுவியில் டபிள்யூ துகள் கண்டறியப்பட்டதும் இக்கணக்கால்தான். குறுக்குத் திசையில் பேரளவு உந்தத்துடன் ஓர் எலக்ட்ரான் ஒரு பக்கம் பாய்ந்தது. அதன் எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்த வெறுமையே நியூட்ரினோ சென்ற வழி. விரல்விட்டு எண்ணத்தக்க நிகழ்வுகளே கிடைத்தன. எனினும் அவை போதுமானவையாக இருந்தன. அடுத்த ஆண்டே கார்லோ ருப்பியா, சைமன் வான் டெர் மீர் ஆகியோர் நோபல் பரிசு பெற்றனர்.

கசிவை அடைத்த இந்தியக் கைகள்

வெறுமையைச் சான்றாகக் கொள்ளவேண்டுமெனில், உணர்வியில் ஓட்டை இருத்தல் ஆகாது. கண்மாயில் நீர் குறைந்ததற்குக் கரையில் உள்ள வளையும் காரணமாகலாம். வளையை அடைக்காமல், வெயில் குடித்துவிட்டது என்று கூறுபவரின் சொல் அம்பலம் ஏறாது.

செர்னில் உள்ள சி.எம்.எஸ். என்னும் உணர்வியின் நடுப்பகுதியில் இச்சிக்கல் எழுந்தது. ஹேட்ரான்கள் என்னும் துகள்களின் ஆற்றலை உள்வாங்கி அளக்கும் கருவி, அங்குக் காந்தச் சுருளுக்கு உள்ளே அடங்கவேண்டியிருந்தது. ஆகவே, அது போதிய தடிமன் பெறவில்லை. மிகுந்த ஆற்றலுடைய துகள்களின் ஒரு பகுதி அதையும் கடந்து கசிந்துவிடும். கசிந்ததை எண்ணாவிட்டால் அதுவே போலிக் குறையாகத் தோன்றும். எனவே, காந்தச் சுருளுக்கு வெளியே மேலும் ஓர் அடுக்கு அளவீட்டுக் கருவி அமைக்கப்பட்டது. துகள் பட்டதும் ஒளிரும் தகடுகளைக் கொண்ட அவ்வடுக்கை உருவாக்கியவை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகமும் ஆகும். புதிய துகளின் பெயரோடு சேர்த்து இத்தகைய பணிகள் நினைக்கப்படுவதில்லை. ஆனால், கசிவை அடைத்தவர் இல்லையேல் கண்டுபிடிப்பை அறிவிப்பவரும் இல்லை.

குறை எல்லாம் புதுமை அன்று

காணாததைத் தேடும் ஆர்வத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 1984ஆம் ஆண்டு, டபிள்யூ துகளைக் கண்டறிந்த குழுக்களுள் ஒன்றான யு.ஏ.1, வியப்பூட்டும் சில நிகழ்வுகளை வெளியிட்டது. ஒரு பக்கம் துகள்களின் ஒற்றைத் தாரை, எதிர்ப்பக்கம் வெறுமை. அறியப்படாத புதுவகைத் துகள்கள் வெளிப்பட்டுவிட்டன என்று பலர் கருதினர். பின்னர், முன்பே அறிந்த பல சிறு நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டினர். தனித்தனியே சிறியவையாக இருந்த அவை, ஒன்றுசேர்ந்தபோது அந்தக் குறையை விளக்கப் போதுமானவையாக இருந்தன. புதுத்துகள் எதுவும் தேவைப்படவில்லை.

1930இல் குறை புதிய துகளைக் காட்டியது. 1984இல் அது பழைய துகள்களையே காட்டியது. இரண்டையும் வேறுபடுத்தியது அறிஞரின் அறிவுக்கூர்மை மட்டும் அன்று. எண்ண வேண்டியவற்றையெல்லாம் எண்ணி முடித்தனரா என்பதே வேறுபாடு. ‘காணவில்லை’ என்பதைச் சான்றாகக் காட்டும் உரிமை, காண்பவற்றை ஒன்றுவிடாமல் எண்ணியவருக்கே உரியது.

மதுரையும் தேனியும்

இக்கணக்கு தென்தமிழகத்துக்குத் தொலைவில் நடப்பதன்று. மதுரையில் 85 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்வி ஒன்று நிறுவப்பட்டுள்ளது. இரும்புத் தகடுகளுக்கு இடையே துகள் தடம் காட்டும் அறைகள் அடுக்கப்பட்டுள்ளன. விண்ணிலிருந்து பொழியும் கதிர்களால் தோன்றும் மியூவான்கள் அதனுள் வளைந்து செல்லும் பாதையை அது பதிவு செய்கிறது. இது பெரியதொரு திட்டத்தின் சிறு மாதிரி. 50,000 டன் உணர்வியைத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தை ஒட்டிய மலைக்குள் அமைக்க 2015 சனவரியில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. காடு, காட்டுயிர்களின் வழித்தடம், நீர்நிலை, அணை ஆகியவற்றுக்கு ஊறு நேரும் என்று மக்களும் இயக்கங்களும் எதிர்த்தனர். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசும் அம்மலையில் இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இவ்வழக்கில் எவர் பக்கம் நிற்பதாயினும் முழுக்கணக்கு வேண்டும் என்பதே அறிவியல் கற்பிக்கும் நெறி. நியூட்ரினோ தீங்கற்ற துகள். நொடிதோறும் கோடிக்கணக்கில் ஒவ்வொருவர் உடலையும் ஊடுருவிச் செல்வது. அதனை அஞ்சுவது கணக்கறியாமை. அதேபோல், துகள் தீங்கற்றது என்பதாலேயே பாறை உடைப்பும் காட்டின் அமைதியும் நீரோட்டமும் எண்ணவேண்டாதவை என்று கருதுவதும் கணக்குப் பிழையே. தனக்கு வேண்டாத பங்கைக் கணக்கிலிருந்து நீக்குபவர் அறிவியலாளராயினும் பொதுமக்களாயினும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர்.

பதிவேட்டில் எழுதவேண்டியது

உந்த அழிவின்மை விதியைப் பள்ளிகள் கற்பிக்கின்றன. துப்பாக்கியின் நிறை, குண்டின் நிறை, குண்டின் விரைவு ஆகியன தரப்படும். பின்னியக்க விரைவு கேட்கப்படும். மாணவர் வாய்பாட்டில் எண்களை இட்டு விடை காண்கிறார். இப்பயிற்சி தேவையானதே. ஆனால், விதி நிறைவேறும் இடங்களை மட்டும் காணும் மாணவர், கணக்கில் குறை தோன்றும் இடத்தில் என்ன செய்வதென்று அறியாமல் திகைக்கிறார்.

அதனினும் கவலைக்குரியது செய்முறை வகுப்பில் நிகழ்வது. வரவேண்டிய விடை முன்னரே தெரியும். அளவீடு அதனோடு ஒத்துவராதபோது, பதிவேட்டில் எண்ணைத் திருத்தி எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. மதிப்பெண் குறையும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது, பழக்கம் ஏற்கத்தக்கதன்று. திருத்தப்பட்ட எண்ணோடு, அந்த எண் சொல்ல வந்த செய்தியும் அழிந்துவிடுகிறது. தரையில் உருளும் இரண்டு கோலிகள் மோதும்போது உந்தம் குறைந்ததாகத் தோன்றினால் அங்கே ஒரு பாடம் காத்திருக்கிறது. உராய்வு எவ்வளவு எடுத்துக்கொண்டது, கோலிகளின் சுழற்சி என்ன செய்தது, அளவுகோலைப் படித்ததில் பிழை உண்டா என்று தேடினால் மாணவர் அறிவியலுக்குள் நுழைகிறார். எண்ணை மாற்றினால் அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆகவே, ஒத்துவராத அளவீட்டை உள்ளபடி எழுதி, அதற்குரிய காரணங்களை ஆராயும் மாணவருக்கு உரிய மதிப்பெண் வழங்கப்படவேண்டும். தேர்விலும், கூட்டுத்தொகை பொருந்தாத கணக்கொன்றைக் கொடுத்து, விடுபட்டது எதுவாக இருக்கலாம் எனக் கேட்கலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சிற்றூர்ப் பள்ளியின் சிமென்டுத் தரையும் நான்கு கோலிகளும் ஓர் அளவுநாடாவும் போதும். இத்தகைய பயிற்சி பெற்றவர்களே நாளை பேருணர்விகளின் பதிவுகளைப் படிக்கும் தகுதி பெறுவர்.

அகராதிகளில் இடம்பெறாத மக்கள் சொற்களைத் தேடித் தொகுத்தவர், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன். ஏட்டில் இல்லை என்பதால் அச்சொற்கள் இல்லாமல் போய்விடவில்லை, எண்ணப்படாமல் இருந்தன. அவர் எண்ணினார். மொழியிலும் மண்ணிலும் துகளிலும் நெறி ஒன்றே. கணக்கு குறையும்போது விதியின்மேல் பழி சுமத்துவதும் பிழை. எண்ணைத் திருத்துவதும் பிழை. உள்ளதை உள்ளபடி எண்ணி, கசிவை அடைத்து, அதன்பின்னும் எஞ்சும் குறையை அஞ்சாது எழுதுவதே அறிவுடையோர் கடமை.